உரல் தாங்கிய கார்

வாசலில் மகன் காரைத் தூக்க ஜாக்கியைச் சுற்றினான். அந்தக் கிரீச் சத்தத்தில் எனக்கு மதுரை வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன ரெண்டு சீட்டு ரேஸ் கார் அப்பாவிடம் இருந்தது. ஒருநாள் ரிப்பேர் பார்க்க, ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுத்தார்.

"எந்திரிங்க முதல்ல!"

அதிரசத்துக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்த அம்மா, மாவை வழித்துவிட்டு உரலையே உருட்டி வந்து அச்சுக்குக் கீழே கவிழ்த்து வைத்தாள். அப்பா முணுமுணுத்தபடி மறுபடி படுத்தார். கொஞ்ச நேரத்தில் ஜாக்கி சரிந்தது. கார் உரல்மேல் டங்கென்று உட்கார்ந்தது. அப்பா தவழ்ந்து வெளியே வந்தார்.

"நாளன்னைக்குத் தீபாவளி. உரலை எடுத்துக் குடுங்க" என்றாள் அம்மா.

"தூக்கு மாப்ள!" என்று தெருவே சேர்ந்து காரைத் தூக்கியது.

தீபாவளியன்று அப்பா, "இம்புட்டு ருசியா அதிரசம் தின்னதே இல்ல" என்றார்.

"உசுரோட இருந்தா எல்லாமே ருசிதான்" என்றாள் அம்மா.

எழுந்து வாசலுக்கு மகனிடம் போனேன். "ஜாக்கி சரிஞ்சா தாங்க, அடியில ஸ்டாண்டு வச்சிட்டியாப்பா?"

"வச்சிட்டேம்மா. தாத்தா கதைதான் தெரியுமே, அதிரசம் எங்கே?"