கூடாரக்கார ஸ்டானிஸ்லாஸின் காலை நடை

புந்தோங்கில் ஒரு வீட்டு வாசலில் இரும்புக் கம்பி இறங்கும் சத்தம் கேட்டால், அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்து முதலில் துணியின் நிறத்தைத்தான் தேடுவார்கள். மஞ்சளும் சிவப்பும் என்றால் கல்யாணம், காதுகுத்து; சாப்பாடு உண்டு. வெறும் வெள்ளை என்றால் யாரோ போய்விட்டார்கள். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மின்னுகிற வெள்ளை சாட்டின் என்றால் மாதா கோயில் கல்யாணம். இந்த மூன்று துணியையும் வருடக்கணக்காக ஊருக்குக் கட்டி வருபவர் ஸ்டானிஸ்லாஸ். கூடாரம், நாற்காலி, மேசை, மின்விசிறி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஊரில் அவருக்குப் பெயர் கூடாரக்காரர். ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருவில்கூட விழிப்பார்கள்.

இன்றைக்கு அவரைப் பார்க்கிறவர்கள், “உங்களுக்கென்ன, பிறவி உடம்பு” என்கிறார்கள். பிறவி உடம்பாவது மண்ணாங்கட்டியாவது! சில வருடங்களுக்கு முன்னால் அவர் லோரியை விட்டு இறங்கினால், முதலில் வயிறு இறங்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் ஆள் இறங்குவார்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு காலம் இருந்தது. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். தோட்டத்துப் பந்து விளையாட்டுக் குழுவில் அவர் தற்காப்பு, கூட்டாளி சதாசிவம் தாக்குதல். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் முன்பே இரண்டு பேரும் திடலைச் சுற்றி ஓடுவார்கள். பனி இறங்கிய புல் காலில் சில்லென்று படும். ஓடி முடித்துப் பொதுக்குழாயில் தலையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், பழைய சோறும் ஒரு துண்டு கருவாடும் அமிர்தமாக இறங்கும். உடம்பு என்று ஒன்று தன்னிடம் இருப்பதே அப்போது அவருக்குத் தெரியாது. அது ஞாபகத்துக்கு வராமல் இருந்ததுதான் எவ்வளவு பெரிய சுகம் என்று இப்போது நினைத்து நினைத்து ஏங்குகிறார்.

தோட்டம் கைமாறி, கித்தா என்கிற ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் இருந்த சனம் மூட்டை கட்டியபோது இருவரும் புந்தோங்குக்கே வந்தார்கள். சதாசிவம் தொழிற்சாலைக்குப் போனார். ஸ்டானிஸ்லாஸ், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு சீன முதலாளியின் கூடாரக் கடையில் கம்பி சுமந்தார். தோளில் கம்பி, தலையில் கணக்கு. எந்த வீட்டுக்கு எத்தனை மேசை, எந்தச் சந்தில் லோரி திரும்பாது, எந்த வீட்டு வாசலில் கால்வாய் மூடியில்லாமல் கிடக்கிறது என்று மாதம் முழுவதும் மண்டைக்குள்ளேயே வைத்திருப்பார். ஒரு நாற்காலி தவறியதில்லை. தவுக்கே வயதாகிக் கடையை விட்டபோது ஸ்டானிஸ்லாஸே எடுத்து நடத்தினார்.

தொழில் வளர்ந்தது. வளர்ந்ததுதான் வினை. லோரி ஒன்று மூன்றானது, சுமப்பதற்கு ஆட்கள் வந்தார்கள், முதலாளி உட்கார்ந்தார். லோரியில் உட்கார்ந்தார், கடையில் உட்கார்ந்தார், ஆள் பார்க்கப் போன இடத்திலெல்லாம் சீனி தூக்கலான தே தாரிக் தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலையில் ரொட்டி சானாய், பகலில் கல்யாண வீட்டுப் பிரியாணி, பொழுது சாய்ந்தால் வாசலில் நிற்கும் யாராவது நீட்டும் பலகாரம். படுத்தால் கைப்பேசி விடாது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும். சொருகின கண்ணோடு ஆட்களைத் திட்டுவார். சொன்னதை மறந்துவிட்டு, சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்வார். மனைவி கெர்ட்ரூட் மட்டும் அவ்வப்போது, “உங்களுக்கு முன்ன மாதிரி இல்லங்க” என்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சதாசிவத்தின் மகள் தினேஸ்வரிக்குக் கல்யாணம் வந்தது. கூட்டாளி வீட்டுக் கல்யாணம். தானே நின்று போடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வாரங்களில் வரிசையாக மாதா கோயில் கல்யாணங்கள், எல்லாவற்றுக்கும் வெள்ளை சாட்டின். அலைந்த அலைச்சலில் அன்று விடியும்போது அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. புதிதாக வந்த வங்காளதேச ஆட்கள் கைப்பேசியில் கூப்பிட்டு எந்தத் துணி என்று கேட்டார்கள்.

“கல்யாணந்தானே? வெள்ள, வெள்ள” என்று தூக்கத்தில் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார்.

அவர்கள் பாவம், எந்தத் துணி யாருக்கென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மேலாகக் கிடந்த வெள்ளையை எடுத்துக்கொண்டு போய்ச் சுத்தமாகக் கட்டிவிட்டார்கள். அது சாட்டினும் இல்லை. அதே தெருக்கோடியில் இரண்டு நாள் முன்பு மாயாண்டி கிழவர் செத்த வீட்டில் கட்டியிருந்த துணி.

கோலம் போட வந்த சதாசிவத்தின் அக்கா செல்லாயி அண்ணாந்து பார்த்தாள். ஊதுவத்தி சுட்ட ஓட்டைகூட ஓரத்தில் அப்படியே இருந்தது. அவள் போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்தது. கல்யாணப் பெண் உள்ளே அழ ஆரம்பித்தாள். செய்தி கேட்டு ஸ்டானிஸ்லாஸ் விழுந்தடித்து ஓடி வந்தபோது, சதாசிவம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் கையாலேயே அந்தத் துணியை இழுத்து இறக்கிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் மஞ்சள் ஏறிவிட்டது. தாலியும் நல்லபடியாக ஏறியது. ஆனால் எல்லாம் முடிந்து கம்பியைக் கழற்றுகிற அன்று சதாசிவம் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“மச்சான், இனிமே என் வீட்டு வாசல்ல நீ கம்பி ஊனாத.”

அவ்வளவுதான். நாற்பது வருடத்துக் கூட்டு, ஒரு துணியில் போனது. ஸ்டானிஸ்லாஸ் லோரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஊர் மறந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். சதாசிவம் மறுபடி ஒருநாள் கூப்பிடுவாரா என்பது மட்டுமே அன்றிலிருந்து அவருக்குக் கேள்வி.

கெர்ட்ரூட் அவரை அரசாங்க கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். இனிப்பு நீர் எக்கச்சக்கம், இரத்த அழுத்தமும் கூட. சின்ன வயது மலாய் டாக்டரம்மா மாமா முறை வைத்து, “பாக்சிக், நீங்கள் கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினீர்கள்?” என்று மலாயில் கேட்டார். ஸ்டானிஸ்லாஸ் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

“விக்னேஸ்வரன் கேட்டுக்கிட்டே இருக்கான்ல, லோரியெல்லாம் அவன்கிட்ட குடுத்துடுங்க” என்றாள் கெர்ட்ரூட், திரும்பி வரும் வழியில். விக்னேஸ்வரன் அவருடைய மூத்த லோரி ஓட்டுநர். “நீங்க நிம்மதியா வீட்ல உக்காருங்க.”

“உக்காந்து உக்காந்துதானே இந்த கெதிக்கு வந்தேன்? இன்னும் எங்க உக்கார்றது?” என்றார் அவர்.

மறுநாள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போலோ திடலுக்குப் போனார். முதல் நாள் நடை நாசி லெமாக் சோற்றுக்கடை வரைக்கும் போய் அங்கேயே இனிதாக முடிந்தது. இரண்டாம் நாள் கெர்ட்ரூட் கூடவே வந்து, கடைப் பக்கம் திரும்பவிடாமல் நடத்தினாள். முழங்கால் நொந்தது. மூச்சு இரைத்தது. தோட்டத்துத் திடலை அத்தனை சுற்று ஓடின அந்தப் பையன் எங்கே போய்த் தொலைந்தான் என்று தன் மீதே எரிச்சல் வந்தது. ஆனாலும் விடவில்லை. தே தாரிக் போய்ச் சீனியில்லாத தேத்தண்ணி வந்தது. அதைக் குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபம் வரும். பொழுது சாய்ந்ததும் கைப்பேசி கெர்ட்ரூட் கைக்குப் போனது. ஆட்களோடு சேர்ந்து மறுபடி கம்பி தூக்க ஆரம்பித்தார். “அண்ணே, விடுங்க, இடுப்பு புடிச்சிக்கும்” என்று விக்னேஸ்வரன் தடுத்தால், “உனக்கு முன்னாடி தூக்கினவன்டா” என்பார்.

மாதங்கள் போயின. ஒரு காலை திடலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, ஆயர் தாவாரில் போட வேண்டிய ஒரு கல்யாணக் கூடாரம் தானாகவே கண்முன் வந்தது. வீட்டு வாசல், கால்வாய், லோரி பின்னால் வரவேண்டிய பக்கம், சமையலுக்குத் தடுக்க வேண்டிய மூலை, மின்விசிறிக்கு ஒயர் இழுக்கும் வழி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, கலங்காமல் வந்தன. நடுவழியில் அப்படியே நின்றுவிட்டார். கம்பி சுமந்த காலத்துத் தலை அது. போனது போனதுதான் என்று அவர் கைகழுவியிருந்த தலை. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண்மணி நின்று, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தாள். “நல்லா இருக்கேன் லா, ரொம்ப நல்லா இருக்கேன்” என்று அவளுக்குப் புரியாத தமிழில் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆட்களுக்குத்தான் குழப்பம். எந்தத் துணி, எந்த வீடு என்று முதல் நாள் மாலையே அவரே துணியைத் தொட்டுப் பார்த்து ஏற்றினார். விடிந்ததும் அந்த வீட்டு வாசலில் அவர் முதலில் நின்றார். சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகவில்லை. அதனால் திட்டும் குறைந்தது. “என்னண்ணே, இப்பல்லாம் திட்றதே இல்ல? உடம்புக்கு ஏதும் முடியலயா?” என்று விக்னேஸ்வரன் உண்மையிலேயே பயந்து கேட்டான். தீபாவளிக்குப் பிந்தின கல்யாண நெரிசலில் ஒரே நாளில் பல வீடுகள், எதிலும் பிசகில்லை.

ஒரு காரியம் மட்டும் அவரால் முடியவில்லை. சதாசிவத்தின் தெரு வழியாகப் போனால் கடைக்குச் சுருக்கு வழி. அவர் சுற்றிக்கொண்டுதான் போனார்.

அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒருநாள் நடந்துவிட்டு வியர்வையோடு திரும்பினால், வீட்டு வாசலில் சதாசிவம் நின்றார். இளைத்திருந்தார்.

“எங்க போய்ட்டு வர்ற?”

“நடக்க.”

“தெனமுமா?”

“தெனமுந்தான்.”

சதாசிவம் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஞாயித்துக்கிழம தினேஸுக்கு வளைகாப்பு. நீ வந்து போடு, மச்சான்.”

இத்தனை நாள் இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். வந்ததும் பயம்தான் வந்தது. “ஆள அனுப்புறேன் லா. நான் வேணாம். உங்க அக்கா என்னப் பாத்தாலே...”

“ஆளு வேணாம். நீ வா. நானும் ஒரு கை புடிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மஞ்சளும் சிவப்புமாக லோரி வந்து நின்றது. செல்லாயி வெளியே வந்து துணியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். இரண்டு பழைய ஆட்டக்காரர்களும் ஆளுக்கொரு முனையாகக் குறுக்குக் கம்பியைத் தூக்கினார்கள். முதல் கம்பி ஏறியது. இரண்டாவதைத் தூக்கும்போது சதாசிவம் பாதியில் இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. வியர்வை கழுத்தில் வழிந்தது.

“என்ன மச்சான்?”

சதாசிவம் உள்ளே யாரும் கேட்கவில்லையென்று பார்த்துக்கொண்டார். “நெஞ்சுல அடைப்பு இருக்காம். மருந்து குடுத்திருக்காங்க. தினேஸுக்குத் தெரியாது, புள்ளத்தாச்சிப் புள்ள.” சற்று மூச்சு வாங்கினார். “உங்கிட்ட பேசாமலே போய்ச் சேந்துட்டா நல்லாருக்காதுன்னு தோணுச்சு. அதான் வந்தேன்.”

ஸ்டானிஸ்லாஸ் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு சுற்றுவழியில் போன அத்தனை காலையும் இந்த மனுஷன் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறான் என்று அவருக்கு உறைத்தது.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“தெனம் மெதுவா நடக்கச் சொன்னாரு.”

“நடக்கறியா?”

சதாசிவம் தலையைக் குனிந்துகொண்டார். “தனியா நடக்கப் பயமா இருக்கு லா.”

மறுநாள் காலை ஸ்டானிஸ்லாஸ் அந்தத் தெருவுக்குள் போனார். சதாசிவம் வாசலில் புதுச் சப்பாத்தோடு, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளை மாதிரி கூச்சத்தோடு நின்றார். போலோ திடலில் இருவரும் நடந்தார்கள். சதாசிவம் நின்ற இடத்திலெல்லாம் ஸ்டானிஸ்லாஸும் நின்றார். தனக்கும் மூச்சு வாங்குவதாகப் பொய் சொன்னார். தோட்டத்துத் திடலில் ஒரு நாள்கூட சதாசிவத்தை முந்த முடியாமல் அவர் முதுகைப் பார்த்தே ஓடினவர், அன்று அவரை முந்திவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எட்டையும் சின்னதாக்கி வைத்தார்.