சங்கைக் காணோம்

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு சங்குகளின் ராஜ்ஜியம். ஒன்று மில் சங்கு. மூன்று மணிக்கு அது ஊதினால் எங்கள் சாரம் பேட்டை முழுக்கக் கேட்கும். ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுப்பார். இன்னொன்று பால் சங்கு. குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட வெள்ளிச் சங்கு, என் அம்மா வீட்டுச் சீர். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் சிரிப்புதான் வருகிறது.

பிரசவ லீவில் இருந்தபோது மூன்று மணிச் சங்குச் சத்தத்தில் என் மகள் திடுக்கிட்டு விழித்து வீரிடுவாள். நான் எடுத்து அணைத்துப் பால் கொடுப்பேன். தினமும் இதே கதை. அவளுக்குப் பழகியதோ இல்லையோ, என் உடம்புக்கு நன்றாகப் பழகிவிட்டது. சங்கு ஊதினால் போதும், பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டாலும் எனக்குப் பால் சுரந்துவிடும்.

லீவு முடிந்தது. எனக்கு டெலிபோன் எக்சேஞ்சில், வெளியூர் கால்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் போர்டில் வேலை. காலையில் டம்ளரில் பால் எடுத்து மூடிவைத்துவிட்டுப் போவேன், மாமியார் அதைச் சங்கில் ஊற்றிப் புகட்டுவார். பால் எடுக்க என்று வீட்டுக்காரர் மருந்துக் கடையிலிருந்து ஒரு பம்பு வாங்கிவந்தார். கண்ணாடிக் குடுவை, அதன் பின்னால் ரப்பர் பந்து, பார்க்க ரிக்ஷா ஹாரன் மாதிரியே இருக்கும். அழுத்தினால் பால் வராது, உயிர்தான் போகும். இரண்டு நாள் பார்த்தேன். அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுக் கையாலேயே பீய்ச்ச ஆரம்பித்தேன்.

வீட்டில் சரி, ஆபீசில் எப்படி? எனக்கு பிரேக் ஒரு மணிக்கு. டம்ளரை எடுத்துக்கொண்டு பாத்ரூமில் போய் உட்கார்ந்தால் சொட்டுக்கூட வராது. வெளியே ஒருத்தி, "இன்னாடி, உள்ளயே தூங்கிட்டியா?" என்று கதவைத் தட்டுவாள். வெறும் டம்ளரோடு திரும்பி வந்து போர்டில் உட்காருவேன். மூன்று மணிக்குத் தூரத்தில் மில் சங்கு ஊதும். காதில் ஹெட்போன், கையில் போர்டில் செருகுகிற ஒயர், "ஹலோ விழுப்புரம், ஹலோ விழுப்புரம்" என்று நான் கத்திக்கொண்டிருக்க, ரவிக்கை இரண்டு பக்கமும் தொப்பலாக நனையும். முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொள்வேன். வீணாய்ப் போகிறதே என்று வயிறு எரியும்.

எடுக்காமல் விட்டால் பால் குறையும் அல்லவா, குறைந்தது. காலை டம்ளர் பாதிதான் நிறைந்தது. மாமியார் ஒரு பால் பவுடர் டின் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் டின்ன ஒடச்சிடுவேன். கொழந்தய காய போடறதுக்கா நான் இருக்கேன்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு வேலைக்கும் போக வேண்டும், பிள்ளைக்கு என் பாலையும் கொடுக்க வேண்டும். பேராசை என்றால் பேராசைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். வயதான கிறிஸ்தவ அம்மா, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எல்லாருக்கும் அவர் மதாம்தான். பிரேக்கை மூன்று மணிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மில் சங்கு ஊதுனா உனக்கு லீவா? அவங்கவங்க சங்குக்கு அவங்கவங்க எழுந்து போனா போர்ட யாரு பாக்கறது? போ, போய் உக்காரு."

மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அப்போதாவது பால் வந்ததா, அதுவும் இல்லை.

அந்த சனிக்கிழமை வெறுத்துப்போய் பிரேக்கில் நான் டம்ளரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டரை மணி வாக்கில் மதாமின் மேஜை போன் அடித்தது. எடுத்துப் பேசியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து என் ஹெட்போனைத் தன் கையாலேயே கழற்றினார்.

"வீட்லேர்ந்து யாரோ ஒரு அம்மா பேசுனாங்க. சரியா கேக்கல. பால் ஊத்தணுமாம்... சங்கு, சங்குன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. ஒன்ன ஒடனே வரச் சொல்றாங்க. யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?"

சாகக் கிடப்பவர்களுக்கு வாயில் பால் ஊற்றுவார்கள். செத்தால் சங்கு ஊதுவார்கள். வீட்டில் இருப்பதோ மாமியாரும் குழந்தையும்தான். மதாம் போர்டை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, என் பையையும் எடுத்துக்கொண்டு, ரிக்ஷாவில் என்னோடு ஏறி உட்கார்ந்தார். வழி முழுக்க என் கையை விடவில்லை. "மோன் தியே, மோன் தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

தெருமுனையிலேயே என் மகளின் அழுகை கேட்டது. அந்த மாதிரி இனிமையான அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வாசலில் மாமியார் இடுப்பில் குழந்தையோடு நின்றார், முழு உயிரோடும் முழுக் கோபத்தோடும்.

"சங்க எங்கடி வச்ச? கொழந்தைக்கு பால் ஊத்தணும், சங்க காணோம், வரச் சொல்லுங்கன்னு அரிசிக் கடைக்குப் போயி போன்ல கத்துறேன், அந்தம்மா 'ஐயோ ஐயோ'ன்னு வச்சிட்டாங்க! காலைலேர்ந்து ஸ்பூன்ல குடுத்துப் பாக்கறேன், துப்புறா!"

ரிக்ஷாவில் வழியெல்லாம் கிணுகிணுத்துக்கொண்டு வந்த என் பையை மதாம் மெல்லத் திறந்தார். உள்ளே ஆபீசு டம்ளர், டம்ளருக்குள் வெள்ளிச் சங்கு. காலை அவசரத்தில் நான்தான் இரண்டையும் சேர்த்து வாரிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன்!

யாரும் எதுவும் சொல்வதற்குள் நான் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் விம்மி விம்மி வாய் வைத்தாள். பால் வரவில்லை. வந்த பயம் இன்னும் தெளியவில்லை. அப்போது ஊதியது பாருங்கள், மில் சங்கு! மடக் மடக்கென்று அவள் குடிக்கிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. மதாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நெசந்தான் சொல்லியிருக்க நீ. திங்கக்கெழமைலேர்ந்து மூணு மணிக்கு எழுந்து போ. ஒன் போர்ட நான் பாத்துக்கறேன்."

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசர் அம்மாவுக்குக் காபி கொடுக்க வேண்டும், வீட்டில் மாட்டுப்பால் இல்லை. அலமாரி டின்னை எடுத்து, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பித் திறந்து, பவுடரைத் தாராளமாகக் கரைத்துக் காபி போட்டார்.

மதாம் ஒரு வாய் குடித்துவிட்டு டின்னையே பார்த்தார்.

"எம் பையன் இதக் குடிச்சிதான் வளந்தான். எனக்கும் அப்ப ரவிக்க நனையும். கொஞ்ச நேரம் குடுங்கன்னு நான் யாருகிட்டயும் கேக்கல. நீ வந்து கேட்டியா, எனக்குக் கோவம் வந்துடுச்சி."

மாமியார், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்றார். மதாம் டம்ளரை நீட்டினார். அந்த டின் முழுக்க எங்கள் வீட்டுக் காபிக்கே தீர்ந்தது.