பட்டி உண்டு

"குட்டி போட்டவங்க எல்லாம் மொதல்ல வாங்க. ஏய் கொம்பா, நீ எங்கடா முந்தற?"

பழனாத்தாள் மூங்கில் படல் ஒன்றை விலக்கிப் பிடித்துக்கொண்டு செம்மறிகளை வெளியே விடுகிறார். ஈன்ற ஆடுகளுக்கு ‘வாங்க, போங்க’, கிடாய்களுக்கு ‘டா’. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டால், "பெத்தவளுக்குக் குடுக்காத மரியாதைய வேற யாருக்குங்க குடுக்கறது?" என்பார். ஆடுகள் வெளியேறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலியான பட்டிக்குள் வெறுங்காலோடு ஒரு நடை நடப்பார். புழுக்கை எல்லா இடத்திலும் விழுந்திருக்கிறதா என்று கால் சொல்லிவிடுமாம். பிறகு படல்களைப் பிடுங்கி, பக்கத்திலேயே நிறுத்தி, அன்றைய இரவுக்குப் புதுப் பட்டி கட்டுவார். இப்படி நகர்ந்து நகர்ந்தே ஒரு வயல் முழுக்க எருவாகிவிடும்.

எனக்குக் காந்தலூரில் பூண்டுத் தோட்டம். எங்கள் மலையில் இப்போது ஆட்டெரு என்றால் மூட்டைதான். கீழேயிருந்து லாரி வரும், காய்ந்த புழுக்கையை இறக்கும், போய்விடும். அதில் பாதி மண். நேரிலேயே வாங்கிவிடலாம் என்று ஒரு கட்டுச் சாக்கோடு, தமிழும் மலையாளமும் கலந்த எல்லையோர ஊரான எருத்தேன்பதிக்கு வந்து பழனாத்தாள் முன்னால் நின்றேன்.

"ஏனுங்க தம்பி, புழுக்கைய மூட்டைல கட்டிக்குவீங்க. மூத்திரத்த எதுல கட்டுவீங்க?" என்றார். அவருடைய ஆடு எங்கே படுக்கிறதோ அந்த மண்ணுக்குத்தான் எரு, அள்ளி விற்கமாட்டார். நானும் விடாமல் வருஷாவருஷம் போகிறேன். மூட்டை கிடைக்காது, மோர் கிடைக்கும்.

அவருக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. எருவுக்காக யாராவது தங்கள் வயலில் பட்டி போடக் கூப்பிட்டுக் கூலி கொடுத்தால்தான் பிழைப்பு. எருத்தேன்பதியிலோ வயலெல்லாம் தென்னந்தோப்பாகி, தோப்பெல்லாம் சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது. ஆடு மிதித்தால் குழாய் போச்சு. "நீங்க வேண்ணா வாங்கக்கா, ஆடு வேண்டாம்" என்கிறார்களாம் தோப்புக்காரர்கள். இந்தக் கோடையில் ஒருவரும் கூப்பிடவில்லை. திருப்பூரில் இருக்கும் மகள் மௌனிகா, "எல்லாத்தையும் வித்துப்போட்டு எங்கூட வந்துரும்மா" என்று ஒரு வியாபாரியையே பேசி வைத்துவிட்டாள். சித்திரைக்குள் வயல் அமையாவிட்டால் ஆடுகள் சந்தைக்கு. இதைச் சொல்லும்போது மட்டும் பழனாத்தாள் குரலைத் தணித்துக்கொண்டார். ஆடுகளுக்குக் கேட்டுவிடுமே என்று பயம்.

மேற்கே மலையாளத்தாரின் நெல்வயல்கள் அறுப்பு முடிந்து சும்மா கிடந்தன. அங்கேயும் சொல்லி வைப்போம் என்று, போர்டு எழுதுகிறவரிடம் இரண்டே வார்த்தை சொல்லி, மலையாள எழுத்தில் எழுதி வாங்கி, கீழே ஃபோன் நம்பரும் போட்டு, சித்தூர் ரோட்டோரம் கட்டிவிட்டு வந்தார். ‘பட்டி உண்டு.’

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். இது பழனாத்தாளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரண்டு பாஷையும் பிறந்ததிலிருந்து காதில் விழுகிற ஊர்க்காரர். "அவங்க பட்டி நாயிதானுங்க. அதுக்காக எம்பட பட்டிய நான் நாயின்னு நெனப்பனுங்களா?" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

போர்டைப் பார்த்த சனம் கடிநாய் இருக்கிறதென்று பயந்து ஒதுங்கிப் போனது. கடைசியில் ஒரே ஒரு ஃபோன் வந்தது. பேசியவர் ராமபத்ரன்; கல்பாத்தி ஐயர், பேச்சு தமிழானாலும் படிப்பு மலையாளம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவி இறந்த பிறகு வயல் நடுவே ஒரு வீட்டில் தனியாக இருக்கிறவர். துணைக்கு ஒரு நாய் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பேச்சைப் பழனாத்தாள் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவார்.

"பட்டி நல்ல ஜாதிதானே? குட்டியும் உண்டோ?"

"நாட்டு ஜாதிங்க சாமி. குட்டி நெறைய இருக்குதுங்க."

"ராத்திரி எங்கேயும் ஓடிப்போகாதே?"

"போட்ட எடத்துலயே படுத்துக்குமுங்க."

"அப்போ ஒண்ணு மட்டும் கொண்டு வாங்கோ."

"ஒண்ண வெச்சு என்னங்க பண்றது? அறுபதையும் ஓட்டீட்டு வர்றனுங்க."

"கொண்டு வாங்கோ, அதுலேர்ந்து ஒண்ணை நான் பொறுக்கிக்கறேன்" என்று வழி சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாராம்.

மறுநாள் சிவப்புக் கழுத்துப்பட்டையும் சங்கிலியுமாக வாசலில் நின்றவர், செம்மறிக் கூட்டம் தன் வீட்டுப் பக்கம் திரும்பி வருவதைப் பார்த்ததும் அவற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாராம். விஷயம் புரிந்து இருவரும் சிரித்து முடித்தபின், "வந்தது வந்தேள், ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கோ" என்று வீட்டை ஒட்டிய வயலைக் காட்டினார்.

அந்த இரண்டு நாளும் முடிந்த காலையில், வழக்கம்போல் மூட்டை கேட்டுப் போன நானும் அங்கே இருந்தேன். வேறு வயல் அமையவில்லை; சித்திரைக் கெடுவும் முடிந்திருந்தது. மௌனிகா அனுப்பிய வியாபாரி வண்டியோடு வந்துவிட்டார். ஆட்டோடு படல்களையும் சேர்த்தே பேசியிருந்தார்கள். பழனாத்தாள் யாரையும் பார்க்காமல் படல்களின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ராமபத்ரன் காப்பி டம்ளரோடு வெளியே வந்து வண்டியைப் பார்த்தார்.

"இதெல்லாம் எங்கே போறது?"

"சந்தைக்குங்க சாமி."

அவர் டம்ளரை வரப்பில் வைத்தார். "நம்மாத்தைச் சுத்தி ஒரு மூச்சுச் சத்தம் கேட்டு வருஷக்கணக்காச்சு, கேட்டேளா. ரெண்டு நாளா நன்னாத் தூங்கினேன்." கொஞ்சம் தயங்கினார். "அந்தண்டை இருக்கற வயலும் நம்மதுதான். மழை வரைக்கும் சும்மாத்தான் கெடக்கும். அப்புறத்துக்கு அக்கம்பக்கத்துல நான் சொல்லி வைக்கறேன்."

பழனாத்தாள் அவிழ்த்த படலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். வியாபாரி வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு, வாங்கிக்கொள்ளக் கைகளை நீட்டினார். பழனாத்தாள் அந்தக் கைகளைத் தாண்டி நடந்து, வரப்பில் ஏறி இறங்கி, அடுத்த வயலில் படலை நிறுத்தினார்.