மான் இல்லாத சரிவு

கேஸ் லாரியை வளைவில் ஓரங்கட்டிவிட்டு, சன்னலில் முழங்கையை ஊன்றி, பைனாகுலரால் மலையைத் துழாவிக்கொண்டிருக்கிறார் டெல்பர்ட். பின்னால் நிற்கும் என் வண்டி ஹாரன் அடிக்கிறது. திரும்பிப் பார்ப்பாரா? மாட்டார். அங்கே நாலு வீட்டில் அடுப்பெரியாமல் காத்திருக்கிறார்கள்.

"என்னய்யா தெரியுது மேல?"

"மத்தியானமும் நிழல் போகாத எடம் எதுன்னு பாக்குறேன். அவன் அங்கதான் படுத்திருப்பான்."

அவன் என்றால், கழுதைபோல நீளக் காது கொண்ட எங்கள் மலை மான்களில் ஒருவன். இடது கொம்பில் ஒரு கிளை கீழ்நோக்கி வளைந்த, பெரிய கொம்புக் கிழட்டு ஆண் மான். கோடையில் அவனைப் பார்க்க யாராலும் முடியும். கொம்பை வெல்வெட் போன்ற தோல் மூடியிருக்கும். எதிலாவது இடித்தால் நோகும். அதனால் மரமில்லாத உச்சிப் புல்வெளியில் கூட்டாளிகளோடு மேய்வான். செப்டம்பரில் அந்தத் தோல் உரிந்ததும் கூட்டமே மாயமாகிவிடும். ஊரே "கீழ எறங்கிட்டாங்க" என்று அடிவாரத்தில் அலையும்.

டெல்பர்ட் சிரிப்பார். "எறங்கலடா மடப்பசங்களா! கொம்பு கெட்டியாயிருச்சு, இனி கெளை உரசுனா அவனுக்கென்ன? பக்கத்துலயே வடக்குப் பக்க இருட்டுக் காட்டுல தனியாப் போய்ப் படுத்துக்கிட்டான். முழங்கால் பனி விழட்டும், அப்ப எறங்குவான் தெக்குச் சரிவுக்கு." சொன்னது சொன்னபடி நடக்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதர் அக்டோபரில் வேட்டை வாரம் வந்தால் மட்டும் தப்புத்தப்பாகக் குறி சொல்வார்.

காரணம், மகள் ரோனா. தொலைவில் கடலோர நகரத்தில் பல் மருத்துவர். தாய் இறந்தபின் கிறிஸ்துமஸுக்குக்கூட வருவதில்லை. வேட்டைக்கு மட்டும் வருவாள். எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு வேட்டை அனுமதிச் சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு மான். சுட்டாயிற்றா, சீட்டு முடிந்தது. மறுநாளே அவள் கார் கிளம்பிவிடும். ஒரு வருஷம் முதல் நாள் காலையிலேயே சுட்டுவிட்டாள். அவளுக்குப் பிடிக்குமே என்று வாங்கி அடுக்கிய பீச் பழ டப்பாக்களை மனுஷன் வசந்தம் வரைக்கும் தனியாக உட்கார்ந்து தின்று தீர்த்தார்.

அதற்கப்புறம் மான் இல்லாத சரிவாகத் தேடிப்பிடித்து அவளைக் கூட்டிப்போவார். அவர் பொய் சொல்வதைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டை நுனியை உருவிப் பைனாகுலரைத் துடைப்பார். "இந்தப் பக்கந்தான் இருக்கும்மா" என்பார், ஒரு துடைப்பு. "நேத்துத்தான் காலடி பாத்தேன்" என்பார், இன்னொரு துடைப்பு. கூடாரத்தில் சமைக்கப் போகிற எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

"அடப்பாவி மனுஷா, பெத்த பொண்ணையே இப்படிச் சுத்த விடுறியே!"

"ஒரு வாரம்யா. ஒரு வாரம் எம் முன்னால உக்காந்து சாப்பிடுவா. நீ வாய மூடிக்கிட்டு வெங்காயத்த நறுக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

இந்த வருஷம் தெற்குச் சரிவைப் பொறுக்கி வைத்திருந்தார். மாதம் பூராவும் அங்கே ஒரு மான்கூட இல்லை. ஆனால் வேட்டை தொடங்குவதற்கு முந்தின ராத்திரி, யாரும் எதிர்பாராமல், முழங்காலளவு பனி கொட்டித் தீர்த்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தை, மகள் வந்த சந்தோஷத்தில் அவரே மறந்துபோனார். விடிந்ததும் அதே தெற்குச் சரிவுக்கு எங்களைக் கூட்டிப்போய்ப் பாறைக்குப் பின்னால் படுக்க வைத்தார்.

வெயில் ஏறியது. புதருக்குப் பின்னாலிருந்து அவனே வந்தான். வளைந்த கிளையைப் பார்க்கப் பைனாகுலரே தேவைப்படவில்லை, கல்லெறி தூரம். பக்கவாட்டில் திரும்பி, சுடு என்பதுபோல நின்றான். ரோனா துப்பாக்கியைத் தோளில் பொருத்தினாள். டெல்பர்ட் மானைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். "போச்சு" என்று உதடு மட்டும் அசைந்தது.

வெகுநேரம் குறிபார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் காதை ஆட்டிவிட்டு, நிதானமாக நடந்து, மேட்டைத் தாண்டி மறைந்தான். வெடிச்சத்தம் கேட்கவில்லை.

"ஏம்மா... சுடல?" என்று கேட்டார் கிழவர்.

"சின்னக் கொம்புப்பா. இதுக்கு ஒரு சீட்ட வீணாக்கவா? நாளைக்கு வேற பக்கம் பாப்போம்."

சொல்லிக்கொண்டே துப்பாக்கியை இறக்கிவைத்து, வேட்டைக்கென்று போட்ட ஆரஞ்சுக் கோட்டுக்கு அடியிலிருந்து சட்டை நுனியை உருவி, துப்பாக்கி மேலிருந்த குறிபார்க்கும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள் ரோனா.