அக்காவுக்குப் பிடிக்காத சத்தம்

நான் கேட்கும் பாட்டைப் பாட்டு என்று ஒப்புக்கொள்ள எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான்: நான், என் அக்கா. அம்மாவும் இறந்த பிறகு, குன்னூரில் இந்த வாடகை வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே குடையில் ஒண்டி நடந்து, ஒரே சர்ச்சுக்குப் போய் வருகிறோம். ரசத்தில் பூண்டு தட்டிப் போடுவதா நறுக்கிப் போடுவதா என்பதுவரை எங்களுக்குள் ஒத்துப்போகும். பாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் கீரியும் பாம்பும்தான்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சபையின் பாடகர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. நான் டீ பாக்டரி ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்கன் வாசிப்பது நான். காலால் மிதித்துக் காற்றடிக்கிற பழைய ஆர்கன் அது. அதன் முன்னால் உட்காரும் அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டுதான் வாரம் முழுக்க வேலைக்குப் போய் வருகிறேன். மற்ற நாட்களில் என் காதில் ஓடுவது ஹெவி மெட்டல்.

இது கோயமுத்தூர் ஹாஸ்டலில் ஒட்டிக்கொண்டது. வடகிழக்கிலிருந்து வந்த ஓர் அறைத்தோழி, மிகவும் சாது, இரவு ஜெபம் பண்ணிவிட்டு இதைப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். முதல் நாள் நான் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் அவளுக்கு முன் நான் தூங்கிவிட்டேன். எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. பஸ்ஸுக்கு நின்றால் கால் மாற்றி மாற்றி நிற்பேன், சோறு வேகிறதற்குள் மூடியை நான்கு தரம் திறப்பேன், பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஜன்னலைச் சாத்துவேன். கிடார்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சுவராக எழும்பி, அதற்கு அடியிலிருந்து ஒரு குரல் உறுமத் தொடங்கும்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று உட்காரும். கோபக்காரர்கள் கேட்கிற பாட்டு என்கிறார்கள். கேட்காத நாளில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

அக்காவிடம் இதைச் சொல்லிப் பார்க்காத விதம் இல்லை. தாளத்தைக் கவனி என்றேன். வாசிப்பவனின் விரலைக் கவனி என்றேன். "மாடு கத்தற மாதிரி இருக்குதுடி" என்று எழுந்து போய்விடுவாள். அதற்காக நான் ஒன்றும் பெரிய நியாயவாதி இல்லை. டூரிஸ்ட் வேன்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக் குத்துப்பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனால் என் பல் கூசும். ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று நான் வாய் கிழியப் பேசுவதெல்லாம் என் பாட்டுக்கு இடம் கேட்கத்தான். அடுத்தவர் பாட்டு என் ஜன்னலுக்குள் வந்தால் அது வெறும் இரைச்சல்.

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர், கூடலூர் பக்கம் மழைக்குப் பேர்போன தேவாலாவைச் சேர்ந்தவர். அவரிடம் ஒருநாள் இதே வழக்கைக் கொண்டுபோனேன். "சேச்சி, தேவாலால மழைக்காலத்துல ஒரு நாள் தகரக் கூரைக்கு அடியில படுத்துப் பாருங்க. அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு உங்க பாட்டு தாலாட்டு மாதிரியில்லே இருக்குது" என்றார். எதைக் கேட்டு வளர்ந்தோமோ அதுதான் பிடிக்கும் என்பது அவர் கட்சி. அப்படியென்றால் நானும் அக்காவும் ஒரே வீட்டில் ஒரே சத்தங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே என்று மடக்கினேன். மனிதர் யோசித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த சண்டை, எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில் வீதிக்கு வந்துவிட்டது. எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் கூட்டம் நடக்கும். அந்த வாரம் எங்கள் முறை. வாசிக்க ஆள் வராத வீடுகளில் பாட்டுக்குப் பின்னணி இசையை மட்டும் போனில் போட்டு, சபையின் புளூடூத் ஸ்பீக்கரில் ஓடவிடுவார்கள். முந்தின வாரக் கூட்டத்தில் என் போனிலிருந்துதான் போட்டிருந்தார்கள். அதை நானும் மறந்துவிட்டேன், மற்றவர்களும் மறந்துவிட்டார்கள். முன்னறையில் இருபது பேர் கண்ணை மூடி முழங்காலில் நிற்க, நான் சமையலறையில் காதில் இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று என் காதில் பாட்டு நின்றது. சார்ஜ் தீர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். மறுநொடி முன்னறையிலிருந்து அந்த உறுமல் கேட்டது.

அடுத்த பாட்டுக்காக யாரோ ஸ்பீக்கரைப் போட்டிருக்கிறார்கள். அது பழைய பழக்கத்தில் என் போனைத் தேடிப் பிடித்துக்கொண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன் மாவுக் கையில் வழுக்குகிறது. தொடுதிரை நான் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்கிறது. உள்ளே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த அத்தை ஒருவர் கண்ணைத் திறக்கவே இல்லை. குரலை இன்னும் உயர்த்தி, "இந்த ஊட்டுக்குள்ள பூந்திருக்கற அசுத்த ஆவியே, இயேசுவின் நாமத்தில கட்டளையிடறேன், வெளியே போ!" என்று விரட்டத் தொடங்கிவிட்டார். நான் ஒருவழியாக அணைத்ததும் உறுமல் நின்றது. "ஸ்தோத்திரம்! போயிருச்சு!" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாவுக் கையோடு வாசற்படியில் நின்று நான் சிரித்ததைத்தான் யாராலும் மன்னிக்க முடியவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அவமானம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இனி நான் ஆர்கன் வாசிக்கலாமா என்ற கேள்வியோடு விஷயம் எங்கள் சபை ஆயரிடம் போனது. நல்ல மனிதர், ரொம்ப நல்லவர்களுக்கே உரிய சாமர்த்தியத்தோடு கையைக் கழுவிக்கொண்டார். "பாடகர் குழு உங்க அக்கா பொறுப்பும்மா. அவங்க முடிவு பண்ணினா எனக்குச் சம்மதம்" என்றார். சபையில் வருஷத்துக்கு ஒருமுறை விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் கொண்டாடும் அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்ற தைரியத்தில் வீட்டுக்கு வந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுல ஒண்ணு" என்றாள். "அந்தக் கருமத்தை உட்டுரு. இல்லாட்டி ஆர்கனை உட்டுரு."

"நான் என்ற காதுல கேக்கறதுக்கும் கோயில்ல வாசிக்கறதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"எனக்கு இருக்குது."

"அந்த அத்தை மாதிரி நீயும் பேய்னு நம்பறயா?"

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள். நான் பிடிவாதக்காரி. ஆர்கனை விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அன்று மாலை மழையில் மார்க்கெட் வரை நடந்தேன், எதுவும் வாங்காமல் திரும்பினேன்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆர்கன் மூடிக் கிடந்தது. ஸ்பீக்கரில் பின்னணி இசை ஓடியது. ஒரு ஞாயிறு இசை ஒரு சரணம் முன்னாலும் பாடகர் குழு ஒரு சரணம் பின்னாலுமாகப் போய், ஆமென் இரண்டு முறை வந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஆனால் பெஞ்சுக்கு அடியில் என் கால்கள் இல்லாத மிதிகட்டையை மிதித்துக்கொண்டே இருந்தன. வீட்டிலும் பேச்சில்லை. சாப்பாடு ஆறுகிறது, குடையை எடு என்கிற அளவுக்குத்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. பாட்டுக்காக அக்காவை விடுவதா, அக்காவுக்காகப் பாட்டை விடுவதா என்று கேட்டால், அப்படிக் கேட்கிறவரை அடிக்கலாம் போலிருந்தது.

அந்த வாரம் என் தேவாலா நண்பர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். எத்தனை சண்டையிலும் விசேஷ வீட்டுக்கு ஜோடியாகப் போவது எங்கள் வழக்கம். போய்ச் சாப்பிட்டுவிட்டு, கூடலூர் வந்து ஊட்டி பஸ் ஏறினோம். இரண்டு பேர் சீட். மதியம்தான், ஆனாலும் மழை இருட்டு. பஸ் மேலே ஏறத் தொடங்கியதும் நான் என் கடைசி முயற்சியை எடுத்தேன். ஒரு வாரமாகத் தேடித் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பாட்டு அது. மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி அலசியிருந்தேன். தொடக்கத்தில் தனிக் கிடார், நிதானமான தாளம். ரொம்ப நேரம் கழித்துத்தான் குரலே வரும்.

"ஒரே ஒரு பாட்டு. கேட்டுட்டுச் சொல்லு. பிடிக்காட்டி இனி இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்றேன்.

அவளுக்கும் சலித்துப்போயிருக்க வேண்டும். கையை நீட்டினாள். அவள் காதில் ஒன்று, என் காதில் ஒன்று.

கிடார் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவள் விரல் முழங்காலில் தட்டத் தொடங்கியது. "ஏழு எண்ணிக்கையில போகுது, இல்ல?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷச் சண்டையை முடிக்க ஒரு நல்ல ஆரம்பம் போதும் என்றுதானே இருந்தேன். அறுப்பின் பண்டிகைக்கு என்ன வாசிக்கலாம் என்றுகூட மனம் ஓடிவிட்டது. அப்போது குரல் வந்தது.

அக்காவின் உடம்பு விறைத்தது. இரண்டு கைகளும் வெடுக்கென்று மேலே எழுந்தன. அவை அவள் காதுக்குப் போகவில்லை. என் தலையை இரண்டு பக்கமும் பிடித்து, என் காதுகளை இறுக்கிப் பொத்தின. எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவளுக்கே அவள் செய்தது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடு. அந்தக் கொரலை மொதல்ல எடு" என்றாள்.

அணைத்தேன். பஸ் நடுவட்டம் தாண்டியது. ஜன்னலைப் பார்த்தபடியே அவள் பேசத் தொடங்கினாள்.

"ஓவேலி எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப, சனிக்கெழமையானா அப்பா குடிச்சுட்டு வருவாரு. வாசல்லயே ஆரம்பிச்சுருவாரு. வார்த்தையே இருக்காது. இதே மாதிரி அடிவவுத்துல இருந்து ஒரு சத்தம். அப்புறம் அம்மாவை..." நிறுத்திக்கொண்டாள். "உனக்கு நாலு வயசு. நான் உன்னையத் தூக்கிட்டுப் போயி கட்டலுக்கு அக்கட்ட உக்காந்துக்குவேன். உன்ற தலையை மடியில வெச்சு ரெண்டு காதையும் அமுக்கிப் பொத்திக்குவேன். நீ கொஞ்ச நேரத்துல தூங்கிருவே."

எனக்கு எதுவும் நினைவில்லை. அப்பா டீ பாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கராக இருந்தவர். எனக்கு ஏழு வயதில் இறந்துபோனார். சர்ச்சில் கடைசி வரிசையில் நின்று கனத்த குரலில் கீர்த்தனை பாடுகிற மனிதராக மட்டுமே அவரை எனக்குத் தெரியும். அவர் பாடியதைப் பற்றி எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறேன், அக்காவை வைத்துக்கொண்டே. அவர் குடித்துவிட்டுப் போட்ட அந்தச் சத்தம் எனக்கு ஒரு மடியின் சூட்டுக்குள் இருந்து, இரண்டு உள்ளங்கைகளின் வழியே, தூரத்து முழக்கமாகத்தான் வந்திருக்கிறது. இதனால்தான் எனக்கு மெட்டல் பிடிக்கிறது என்று சத்தியம் பண்ண மாட்டேன். அப்படிச் சுலபமாகக் கணக்குப் போட எனக்கு இஷ்டமும் இல்லை. ஆனால் ஒரே சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்று நான் மடக்கியது தப்பு. ஒரே வீட்டில் நாங்கள் கேட்டது வேறு வேறு.

"ஏன்க்கா இத்தனை நாளா சொல்லலே?"

"உனக்கு அப்பான்னா பாட்டுத்தான். அதையாவது உட்டு வெப்போமேன்னுதான்."

பஸ் பைக்காராவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் போன்ற டீச்சர் குரலில் சொன்னாள்: "நீ உன்ற பாட்டைக் கேட்டுக்க. என்ற காதுல உழாமக் கேளு, அது போதும். ஞாயித்துக்கெழமை வந்து வாசி. அந்த ஸ்பீக்கரைக் கட்டிட்டு அழ என்னால முடியாது."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆர்கனும் உண்டு, பாட்டும் உண்டு. துளிகூட மகிழ்ச்சி இல்லை. அந்தக் கட்டிலுக்குப் பின்னால் பன்னிரண்டு வயதில் உட்கார்ந்திருந்தவளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ற காதை நீ பொத்திக்கிட்டே. அப்ப உன்ற காதை?" என்று கேட்டேன்.

அக்கா என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"இருக்கறது ரெண்டு கைதானே, அம்மிணி" என்றாள்.