லூர்துநாதனின் மீன் சாறு

திண்டிவனம் மீன் மார்க்கெட்டில் லூர்துநாதன் சங்கரா மீனை வெட்டினால் தலையைத் தனியாக ஒதுக்கிவிடுவார். "தலை வேணாம்ல, எனக்குக் குடுத்துடும்மா" என்று கேட்டுவிட்டுத்தான் செதிலையே சீவுவார். "எங்களுக்கும் வேணும்" என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். பேசிக்கொண்டே வெட்டுகிற மனிதர். எதிரில் நிற்பவரின் குடும்பக் கதையைக் கறக்காமல் துண்டு போடமாட்டார். தன் வீட்டுக் கதையை மட்டும் சொல்வதில்லை.

மனைவி ஞானமேரிக்கு மார்பில் புற்று. அறுவை முடிந்து மருந்தும் ஏற்றியாகிவிட்டது. சென்னையில் நர்ஸாக இருக்கும் மகள் பிரின்சி ஒருநாள் போனில், மீனிலிருந்து எடுக்கிற ஏதோ ஒரு பொருள் புற்று பரவுவதைத் தடுக்குமா என்று ஆராய்கிறார்கள் என வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"இன்னும் எலிக்குக் குடுத்துதான் பாத்துக்கினு இருக்காங்கப்பா. கொழம்பு வெச்சா அது வராது."

"எலிக்குக் கேக்கும், உங்கம்மாவுக்குக் கேக்காதா? சத்தெல்லாம் தலையிலதான் கீது" என்றார் இவர். பாவம், பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு என்ன இருந்தது?

அன்றிலிருந்து கடை கட்டியதும் அவர் கையாலேயே மீன் சாறு. மிளகு, பூண்டு, கொஞ்சம் மஞ்சள். தவக்காலத்தில் அந்த வீட்டு அடுப்பில் கவுச்சி ஏறியதே இல்லை. இந்த வருடம் நோன்பு தொடங்கும் சாம்பல் புதனன்றே ஏறியது. "ஆண்டவர் கோச்சிக்கினா என்மேல கோச்சிக்கட்டும். நீ குடி" என்றார். மருந்து ஏற்றியதிலிருந்து ஞானமேரிக்கு மீன் வாடையே ஆவதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவாள்.

போன வாரம் புதுச்சேரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஈரலுக்கும் போயிருக்கிறது என்றார். பஸ்ஸில் திண்டிவனம் திரும்பினார்கள். வீட்டில் சாறு கொதித்து இறங்கிய பிறகுதான் ஞானமேரி கேட்டாள்.

"டாக்டர் இன்னா சொன்னாரு? பரவிச்சா?"

பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை. உண்மையைச் சொல்லவும் எழவில்லை. அடுப்பைப் பார்த்தபடி, "பரவால்லன்னாரு" என்றார்.

"பரவலன்னாரா, பரவால்லன்னாரா?"

அவர் கிண்ணத்தில் கிடந்த மீன் தலையைப் பிட்டு முள் எடுக்க ஆரம்பித்தார். நாளெல்லாம் மீன் அரிகிற விரல்களுக்கு அன்று முள் அகப்படவில்லை. ஞானமேரி கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தை வாங்கி, மூக்கைப் பிடிக்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.