பூஜ்யம் போட்டேன்

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

ஞாயிற்றுக்கிழமை. ஆபீசில் நான் மட்டும். மறுநாள் பரீட்சை. எங்கள் இணையதளத்தில் பாட வீடியோ பார்க்கும் பிள்ளைகளுக்கு எல்லாம் பாதியில் நின்றது. மேனேஜர் போனில் உயிரை வாங்கினார். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேலை போய்விடும் என்றார். லீவும் போச்சு, மானமும் போச்சு.

ஒருவர் வீடியோவை எவ்வளவு வேகமாக இழுக்கலாம் என்று சர்வரில் ஒரு எண் போட்டு வைப்போம். எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்த சோடாபுட்டி சார் ஆளுக்கொரு எண் போட்டுத் தொலைத்திருந்தார். எரிச்சலில் அத்தனையையும் அழித்தேன். எல்லோருக்கும் ஒரே எண், ஐந்நூறு.

சரியானது. ஒரே ஒரு ஆள் மட்டும் அடங்கவில்லை. எழுபத்தொன்றாம் நம்பர். மொத்த லைனையும் அவனே விழுங்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மேலே சத்தம். தட்தட்தட்தட்... யாரோ ஓடுகிறார்கள். மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது. சாவி என் மேஜையில்.

எழுபத்தொன்றுக்கு மட்டும் தனியாக ஐம்பது போட்டேன்.

தட்... தட்... தட்...

ஓட்டம் நடையானது. பத்து போட்டேன்.

தட்...... தட்......

இப்போது சத்தம் மாடிப்படியில்.

போன் அலறியது. மேனேஜர். எழுபத்தொன்றைப் பற்றிச் சொன்னேன்.

"என்னய்யா பண்ற? அந்த ஆள மொத்தமா நிறுத்துய்யா!"

பூஜ்யம் போட்டேன்.

எங்கள் சர்வரில் பூஜ்யம் போட்டால் நிற்காது. கட்டுப்பாடே போய்விடும். எனக்குத் தெரியும். பத்து வருஷமாகத் தெரியும். பாழாய்ப்போன பயத்தில் மறந்து தொலைத்தேன்.

தட்தட்தட்தட்தட்தட்...

படி.

வராந்தா.

கதவு...

ஒன்று போட்டேன்.

நின்றது. என் நாற்காலிக்குப் பின்னால்.

திரும்பிப் பார்க்கவில்லை. மேஜையைத் தாண்டிக் குதித்து ஓடினேன்.

சாயங்காலம் சோடாபுட்டி சாருக்குப் போன் போட்டு, அவர் எண்களை அழித்ததைச் சொன்னேன்.

"எழுபத்தொண்ண எடுத்துட்டியா? நான் ஒண்ணுல வெச்சிருந்தேனேப்பா!"

"இப்பவும் ஒண்ணுலதான் சார் இருக்கு. யாரு சார் அது?"

"அந்த நம்பர யாருக்கும் குடுக்கவே இல்ல. எங்க இருக்கு இப்போ?"

"என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுடுச்சு சார்."



"நிக்காதுப்பா. ஒண்ணு போட்டா மெதுவா வரும், அவ்ளோதான். நான் வேலைக்குச் சேந்தப்போ எதிர்த் தெருவுல இருந்துச்சு. ரிட்டையராகறப்போ நம்ம மொட்டை மாடில."

வேலையை விட்டுவிட்டேன். ஊரையும் மாற்றிக்கொண்டேன்.

நேற்று மத்தியானம், புது வீட்டு மொட்டை மாடியில் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை.

தட்.